மண்ணில்லாத் தக்காளி: தளி வரை ஒரு பயணம்

நமது கேள்வி-பதில் பகுதிக்கு இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. தளி பக்கத்துக் கிராமம். 25 சென்ட் பசுமைக்குடில். மண் இல்லாமல், தென்னை நார்க்கழிவு அடைத்த பைகளில் தக்காளி. ‘காயின் அடியில் கறுத்துக் குழி விழுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?’ என்று கேட்டிருந்தார்கள். நான் நான்கே வரியில் பதில் எழுதினேன். இது பூ நுனி அழுகல், நோயல்ல, கால்சியம் பற்றாக்குறை. லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கலந்து தெளிக்கவும். பாடப்புத்தகத்தில் உள்ள பதில்தான். தவறென்று யாரும் சொல்ல முடியாது.

பதில் அச்சில் வந்து மூன்று வாரம் கழித்து அதே கையெழுத்தில் ஓர் அஞ்சலட்டை. ‘ஐயா, தெளித்தோம். நிற்கவில்லை. மூன்றாவது கொத்தில் பாதிக் காய் போய்விட்டது. அடுத்த மாதம் வங்கித் தவணை.’ அதற்கு மேல் ஒன்றும் இல்லை. திட்டி எழுதியிருந்தால்கூட மறந்திருப்பேன். ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ராயக்கோட்டைக்குப் போனேன். தக்காளி விவசாயி யாரும் ராயக்கோட்டைச் சந்தையைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. பொழுது விடிந்த நேரத்தில் பிளாஸ்டிக் கிரேட்கள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. லாரிகளும் டெம்போக்களும் பின்பக்கத்தைக் காட்டி நின்றன. ஏலம் கூறுகிறவர் தமிழில் தொடங்கித் தெலுங்கில் விலை சொல்லிக் கன்னடத்தில் முடிக்கிறார். ஒரு வாரம் விலை இல்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் அதே பழம், 2023 ஜூலையில் சில்லறையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் சலித்துப் போனவர்கள்தான் குடில் பக்கம் திரும்புகிறார்கள். ‘மழையிலும் காய்க்கும், பழம் ஒரே மாதிரி வரும், பெங்களூரு கடைக்காரன் எடுத்துக்கொள்வான்’ என்பது கணக்கு. அந்தக் கணக்கு எந்த இடத்தில் உதைக்கிறது என்று பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

ராயக்கோட்டையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டை. அங்கிருந்து தளிச் சாலை. ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். பங்குனியிலும் காலைக் காற்றில் ஒரு குளிர் இருந்தது. வெள்ளைக்காரன் தளியைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று சொன்னதற்கு இந்தக் குளிர்தான் காரணம். ரோஜாவும் குடைமிளகாயும் இங்கே குடிலுக்குள் நன்றாக வருவதற்கும் அதுவே காரணம். இஸ்ரேல் ஒத்துழைப்புடன் கொய்மலர் மகத்துவ மையம் தளியில் அமைந்ததும் சும்மா அல்ல. சாலையின் இருபுறமும் சிவப்பு மண், ராகி அறுத்த தாள், அங்கங்கே வெள்ளைக் கூரைகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், ராகி முற்றும்போது யானை வருவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் தம்பி பைக்கோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் அவர், மனைவி, தாயார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மானியம் போக மீதிக்கு வங்கிக் கடன். குடிலுக்குள் நுழைந்ததும் நான் சற்று நின்றுவிட்டேன். இவ்வளவு சுத்தமாக ஒரு தோட்டத்தைப் பார்த்து வெகு நாளாயிற்று. 800க்கு மேல் பைகள், பைக்கு மூன்று செடி, மொத்தம் 2,500 செடி. ஒவ்வொன்றும் கயிற்றைப் பிடித்து மேலே ஏறியிருந்தது. பக்கக் கிளை ஒன்றுகூட விடாமல் கிள்ளியிருந்தார்கள். பைகளுக்குக் கீழே தரை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

“பாத்தீங்களா சார், ஒரு சொட்டு வீணாகாது” என்றார் தம்பி, அந்தத் தரையைக் காட்டி.

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அதற்குக் காரணமும் இருந்தது. ஆழ்துளைக் கிணறு 1,000 அடிக்குக் கீழே போயிருக்கிறது. தண்ணீரைக் காசு போல எண்ணிச் செலவு செய்கிற குடும்பம் அது. முப்பது ஆண்டுகளாக நானும் என்னைப் போன்ற அலுவலர்களும் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் அதுதானே: சொட்டு நீர் போடுங்கள், வேருக்குக் கீழே ஒரு சொட்டும் போகக் கூடாது. பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவனைப் போல நின்றிருந்தார் அவர். அந்தப் பாடம் மண்ணுக்கு உரியது. மண் இல்லாத இடத்தில் அதே பாடம்தான் காயைக் கறுக்க வைத்துக்கொண்டிருந்தது என்பதை எப்படிச் சொல்வது?

வாயால் சொல்வதைவிட அளந்து காட்டலாம் என்று தோன்றியது. தம்பியின் மனைவி ஒரு தண்ணீர் பாட்டிலும், மாவு சலிக்கும் தட்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டும் கொண்டுவந்தார். ஒரு சொட்டுவானைப் பையிலிருந்து உருவி பாட்டிலுக்குள் விட்டோம். அது ஒரு செடிக்குப் போகும் தண்ணீரின் அளவு. இன்னொரு பையின் வடிதுளைக்கு அடியில் தட்டை வைத்தோம். அது வெளியே வரும் தண்ணீரின் அளவு. மாலை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பையிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்துப் பார்க்கலாம் என்று கால்நடை மருந்துக் கடையில் வாங்கிய பெரிய ஊசிக்குழாயை எடுத்தேன். இரண்டு செடிகளுக்கு நடுவே, பையின் பாதி உயரத்தில் குத்தி மெதுவாக இழுத்தால் வேர் குடிக்கும் கரைசலே கைக்கு வரும்.

அவர்கள் கலந்து விடும் உரக் கரைசலின் மின்கடத்தும் திறன், அதாவது இ.சி., 2.8. தக்காளிக்கு அது சரியான அளவுதான். பைக்குள் இருந்த கரைசலில் மீட்டர் 6.2 காட்டியது.

தம்பி மீட்டரைத் தட்டிப் பார்த்தார். வேறு பையில் எடுத்தோம். 5.9. மூன்றாவதில் 6.4.

விஷயம் இதுதான். செடி தண்ணீரை வேகமாகக் குடிக்கும். கரைந்திருக்கும் உப்புகளில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். சோடியம், குளோரைடு போன்றவற்றைப் பெரும்பாலும் பையிலேயே விட்டுவிடும். நிலத்தில் அதைத் தாங்கிக்கொள்ள ஆழமான மண் இருக்கிறது, மழை வந்து கழுவிக்கொண்டும் போகும். இங்கே ஒரு செடியின் வேருக்கு இருக்கும் இடம் ஆறேழு லிட்டர் நார்க்கழிவு. மூன்று செடி சேர்ந்து ஒரு தலையணை அளவுப் பையில் குடியிருக்கின்றன. தினமும் கொஞ்சம் உப்பு தங்கினால், இரண்டு மாதத்தில் வேர் உப்பளத்தில் நிற்கும். உப்புக் கரைசலிலிருந்து தண்ணீரை இழுக்க வேர் திணறும். கால்சியம் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். வருகிற கொஞ்சத் தண்ணீரையும் இலைகள் இழுத்துக்கொள்ளும். காயின் நுனிக்குப் போய்ச் சேராது. பைக்குள் கால்சியம் ஏராளமாக இருந்தும் காய் கறுக்கும். நான் தெளிக்கச் சொன்னது, வீட்டு வாசலில் அரிசி மூட்டையை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டியவனுக்கு இன்னொரு கைப்பிடி அரிசியை ஜன்னல் வழியாக எறிந்த கதை.

தம்பியின் மனைவிதான் அடுத்ததைச் சொன்னார். “பிப்ரவரியில இல வெளுத்த மாதிரி இருந்துச்சு சார். உரம் பத்தலன்னு நெனச்சு 2.4ல இருந்து 2.8க்கு ஏத்துனோம்.” எல்லாரும் செய்வதுதான். இலை வெளுத்தால் உரம். ஆனால் மார்கழியில் நட்டபோது வைத்த நேர அட்டவணை மட்டும் பங்குனி வரை மாறவில்லை. நாளைக்கு ஏழு முறை, முறைக்கு ஆறு நிமிடம். மணிக்கு இரண்டு லிட்டர் விடும் சொட்டுவான். ஏழு ஆறு நாற்பத்திரண்டு நிமிடத்துக்குச் செடிக்கு 1,400 மி.லி. முழங்கால் உயரச் செடிக்கு மார்கழி வெயிலில் அது தாராளம். தலைக்கு மேல் வளர்ந்து, பங்குனி வெயிலில் காய் சுமந்து நிற்கும் செடிக்கு அது குடிக்க மட்டும்தான் போதும், கழுவ மிச்சமில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பாட்டிலில் 1,400 மி.லி. இருந்தது. பையில் மூன்று சொட்டுவான், ஆக உள்ளே போனது 4,200. தட்டில் வந்தது 150. நூற்றுக்கு நான்குகூட இல்லை. வெயில் காலத்தில் 20 முதல் 30 சதம் வடிய வேண்டும்.

“கால்வாசித் தண்ணிய வெளிய விடணுமா?” தம்பிக்குக் குரலே வரவில்லை. தாயார் அதுவரை வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “மண்ணுல வெச்சிருந்தா இத்தனை கணக்கு வேணுமாப்பா?” என்றார். வேண்டியதில்லை அம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று இரவு அவர்கள் வீட்டிலேயே களி சாப்பிட்டுத் தங்கினேன். பைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவை பொள்ளாச்சிப் பக்கம் செய்தவை. என் பணியின் தொடக்கக் காலம் பொள்ளாச்சியில்தான். அப்போது நார் உரித்த தூள் சாலையோரம் மலை மலையாகக் கிடக்கும். மழை பெய்தால் பழுப்புச் சாயம் வழிந்து கிணற்றில் கலக்கிறது என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். யூரியாவும் சிப்பிக் காளானும் போட்டு அதை மட்கவைக்கும் முறையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்னது. நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு தோப்புத் தோப்பாக அலைந்தோம். இன்று அதே தூளைச் சலித்து, கழுவி, கட்டியாக அழுத்திக் கப்பல் ஏற்றுகிறார்கள். நெதர்லாந்தின் கண்ணாடிக்குடில்களில் நம் தென்னை நார்த்தூளில் தக்காளி காய்க்கிறது.

கழுவினால் மட்டும் போதாது என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நார்த்தூளில் இயற்கையாகவே சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் அலசினால் கரைந்து மிதப்பது போகும், ஒட்டியது போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால்தான் கால்சியம் அந்த இடத்தில் உட்கார்ந்து மற்ற இரண்டையும் தள்ளிவிடும். அப்படிச் செய்யாத பையில் நட்டால், நாம் கொடுக்கும் கால்சியத்தை முதல் சில வாரங்கள் தூளே பிடித்துக்கொள்ளும். இவர்கள் வாங்கிய கடையில் ‘கழுவியதுதான், அப்படியே நடலாம்’ என்றார்களாம். வாங்கும்போது ‘கால்சியத்தில் ஊறவைத்ததா?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒரு பையை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடிநீரை மீட்டரில் பாருங்கள்.

மறுநாள் காலை தண்ணீரைப் பார்த்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரின் இ.சி. 1.1. அதாவது 2.8 என்று மீட்டர் காட்டும் கரைசலில் உரத்தின் பங்கு 1.7தான். மீதி கிணறு கொண்டுவந்த உப்பு. இலை வெளுத்ததன் காரணமும் அங்கேதான் இருந்தது. அவர்கள் வைத்திருந்த நீர்ப் பரிசோதனைச் சீட்டில் பைகார்பனேட் லிட்டருக்கு 305 மி.கிராம். 61 ஒரு பங்கு என்று வைத்தால் ஐந்து பங்கு. இந்தக் காரம் பி.ஹெச்.சை மேலே தூக்கும். தக்காளிக்குக் கரைசல் 5.5 முதல் 6.2க்குள் இருக்க வேண்டும், இவர்களுடையது 7.4. அந்த நிலையில் சாதாரண இ.டி.டி.ஏ. இரும்பு நிற்காது. இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது இரும்புக் குறை. உரத்தை ஏற்றியதால் அது போகவில்லை, உப்புதான் ஏறியது.

ஐந்து பங்கில் ஒரு பங்கை விட்டுவிட்டு நான்கு பங்கை அமிலத்தால் முறிக்க வேண்டும். 60 சத நைட்ரிக் அமிலமாக இருந்தால் 1,000 லிட்டருக்குச் சுமார் 300 மி.லி. அந்த அமிலமே லிட்டருக்கு 56 மி.கிராம் தழைச்சத்தையும் கொடுக்கும், அதை உரக்கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. இந்த இடத்தில் மட்டும் நான் குரலை உயர்த்திப் பேசினேன், பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு.

உரத் தொட்டிகள் இரண்டையும் அவர்கள் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். ஒன்றில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும். மற்றதில் மெக்னீசியம் சல்பேட், பொட்டாஷ் உரங்கள், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மற்ற நுண்ணூட்டங்கள். அடர்கரைசலில் கால்சியமும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் சந்தித்தால் சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கிவிடும், சொட்டுவானும் அடைபடும். இதை எத்தனையோ இடத்தில் ஒரே தொட்டியில் கொட்டிக் கலக்குகிறார்கள்.

பைகளைக் கழுவ வெறும் தண்ணீர் விடலாமா என்று தம்பி கேட்டார். கூடாது. 6.2இல் இருக்கும் வேருக்குத் திடீரென்று வெறும் தண்ணீர் வந்தால் ஒரேயடியாக உறிஞ்சி, பழுக்கும் நிலையில் உள்ள காய்கள் வெடிக்கும். 1.8 இ.சி.யில் அமிலம் சேர்த்த லேசான உரக் கரைசலை, காலையிலிருந்து சின்னச் சின்ன முறையாக விட்டோம். முறைக்கு மூன்று நிமிடம், செடிக்கு 100 மி.லி. பொழுது விடிந்து இரண்டு மணி நேரம் கழித்து முதல் முறை; சூரியன் சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போது கடைசி முறை. பத்தரை மணிக்குள் தட்டில் முதல் சொட்டு விழ வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நான் பேருந்து ஏறினேன். கறுத்த காய்கள் இனித் தேறாது, எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் வந்தேன். இரண்டு கூடைக்கு மேல் இருந்தது. அந்தம்மா முகத்தைப் பார்க்காமல் கிள்ளினார்.

அதன் பிறகு தினமும் மாலையில் அவருடைய நோட்டுப் பக்கம் ஒன்று என் கைப்பேசிக்கு வரும். மூன்றாம் நாள் வடிநீர் 4.1. ஒரு வாரத்தில் 3.4. அதற்குப் பிறகு கரைசலை 2.5க்குக் கொண்டுபோனோம், வெயில் நாளில் பதினெட்டு முறை. பாட்டிலில் 1,800, மூன்று செடிக்கு 5,400; தட்டில் 1,350. சரியாகக் கால்வாசி. வடிநீரின் இ.சி., விடும் கரைசலைவிட ஒன்று வரை அதிகமிருந்தால் பயமில்லை. அதற்கு மேல் போனால் உரத்தைக் கூட்டாதீர்கள், முறையைக் கூட்டுங்கள். மேகம் மூடிய நாளில் பதினெட்டு முறை விட்டால் வேர் மூச்சுத் திணறும், அப்போது குறைக்க வேண்டும். இதை எந்த டைமரும் தானாகச் செய்யாது, வானத்தைப் பார்க்கிற ஆள் வேண்டும். ஐந்தாவது கொத்தில் கறுப்புக் காய் இரண்டோ மூன்றோதான்.

வடியும் தண்ணீர் நாளைக்கு 1,100 லிட்டருக்கு மேல். அதில் நைட்ரேட் இருக்கிறது. ஒரே இடத்தில் தேங்கவிட்டால் மெல்ல இறங்கி நம் கிணற்றுக்கே வந்து சேரும். குழாய் போட்டுத் தீவனப் புல்லுக்கு, பாத்தி மாற்றி மாற்றி விடுகிறார்கள். புல் கரும்பச்சையாக நிற்கிறது, பசு கொடுத்துவைத்தது.

எனக்கு இன்னும் உறுத்தலாக இருப்பது கூரை. 1,000 சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். ஆண்டுக்கு 800 மி.மீ. என்றால் எட்டு லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் போனாலும் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். உப்பே இல்லாத தண்ணீர். கிணற்று நீரில் பாதிக்குப் பாதி கலந்தால் அமிலம் பாதி, சோடியம் பாதி, வடிக்க வேண்டிய அளவும் குறையும். நெதர்லாந்துக்காரர்கள் மழைநீரைத் தேக்கிவைத்து, வடிநீரையும் கிருமி நீக்கித் திரும்ப விடுகிறார்கள் என்றால் அடிப்படை இந்தச் சுத்தமான தண்ணீர்தான். இங்கே தகரக் கால்வாய் வழியாக வழிந்த மழைநீர் நேராக ரோட்டுக்குப் போகிறது. குடில் போட மதிப்பீடு தயாரிப்பவர்கள் பண்ணைக்குட்டையை ஏன் அதில் சேர்ப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘நாமும் போடலாமா?’ என்று எழுதப்போகிறவர்களுக்கு என் கருத்து: திறந்தவெளித் தக்காளியின் விலைக்கே இதை ராயக்கோட்டைச் சந்தையில் விற்க வேண்டும் என்றால் போடாதீர்கள். தனி விலை கொடுக்கும் கடை முதலில் கையில் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். சித்திரை நடுப்பகலில் மும்முனை மின்சாரம் நின்றால் இந்தச் செடி சில மணி நேரம்தான் தாங்கும். மேல்நிலைத் தொட்டியோ ஜெனரேட்டரோ கட்டாயம்.

தம்பி வீட்டில் அந்தத் தவணையைத் தாயாரின் காதுக் கம்மலை வைத்துக் கட்டினார்கள். அது இன்னும் மீளவில்லை. கடைசிக் கொத்துகள் வரை விலை நின்றால் மீண்டுவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். என் பதிலில் ‘முதலில் வடிநீரை அளந்து எழுதவும்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் மூன்றாவது கொத்து போயிருக்காது. அந்தக் கேள்வி திரும்ப வந்தால் அந்த வரியோடுதான் இனி பதில் வரும்.

போன வாரம் வந்த நோட்டுப் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘வடிநீர் 22 சதம், 3.5. மதியம் மேகம், மூன்று முறை குறைத்தேன். குட்டைக்குத் தார்ப்பாய் மானியத்தில் கிடைக்குமா சார்?’ வட்டார அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன்.